கையை எந்தச் சாய்வில் நிறுத்துவது

மாவுக்கட்டு போடும் அறைக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சு கிடக்கிறது. அதில் வந்து உட்காரும் பெண்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "சேச்சி, ஆபரேஷன் பண்ணினா பழையபடி ஆகுமா?" டாக்டரிடம் கேட்கப் பயம். நர்ஸிடம் கேட்டால் அதட்டல் விழும். என் வலது கையைப் பார்த்ததும் இவள் இங்கே பழம் பெருச்சாளி என்று தெரிந்துவிடும் போலிருக்கிறது, என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் ஆகும் ஆகும் என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தேன். இனிமேல் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கோமதி. சங்கரன்கோவில் பக்கம் பிறந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரர் முத்தையா லாரி டிரைவர். பஜார் கிட்டங்கிகளிலிருந்து மிளகும் சுக்கும் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ், பம்பாய் என்று போவார். போனால் எப்போது வருவார் என்று வண்டிக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வீட்டில் நானும் அவருடைய அம்மாவும்தான். அத்தைக்கும் எங்கள் பக்கம்தான் பூர்வீகம். ஆனால் சின்ன வயதிலேயே கொச்சிக்கு வந்தவள் என்பதால் பாதிப் பேச்சு மலையாளமாகிவிட்டது. கோபம் வந்தால் தமிழ், பிரியம் வந்தால் மலையாளம். என்னை "மோளே" என்றுதான் கூப்பிடுவாள், மகளே என்று அர்த்தம். நான் வந்த புதிதில் அவள் பேசுவதில் பாதி புரியாமல் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தேன். அதனாலேயே நல்ல மருமகள் என்று பெயர் வாங்கிவிட்டேன்.

நாட்டில் அவசர நிலை இருந்த சமயம் அது. எனக்கு முதல் பிள்ளை, ஏழாம் மாதம். வளைகாப்பு என்றால் பிறந்த வீட்டில் செய்வார்கள். எனக்கு அம்மா இல்லை. அதனால் அத்தை, "நான் செய்யறேன், என் மோள்தானே" என்று மட்டாஞ்சேரியிலேயே ஏற்பாடு செய்தாள். வளையல்காரர் வந்தார். எங்கள் தெருவில் வளையல் இறுக்கமாக இருந்தால்தான் அழகு. தொளதொளவென்று கிடந்தால் அளவு தெரியாமல் வாங்கினார்கள் என்று பேசுவார்கள். சோப்பு நுரை தடவி, கையைப் பிசைந்து, சிவப்பும் பச்சையுமாக ஏற்றினார்கள். அக்கம்பக்கத்துச் சுமங்கலிகள் ஆளுக்கு இரண்டு போட்டார்கள். அத்தை தாலியறுத்தவள், அதனால் கிட்டே வரவில்லை. அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அந்த வாரத்திலேயே விழுந்தேன். தெருக் குழாயடியில் பாசி பிடித்த படி. இடுப்பில் நிறைகுடம். வேண்டாம் என்று அத்தை சொல்லியும் நான்தான் வீம்பாகப் போயிருந்தேன். கால் வழுக்கியதும் முன்பக்கமாகச் சாய்ந்தேன். வயிறு தரையில் படக்கூடாது என்று நான் நினைப்பதற்குள் வலது கை தானாக முந்திக்கொண்டு போய்க் கல்லில் ஊன்றியது. என் கனம், பிள்ளையின் கனம், குடத்தின் கனம் எல்லாம் அந்த ஒரு மணிக்கட்டில் இறங்கியது. உள்ளே ஏதோ இடம் மாறுவது எனக்கே தெரிந்தது. வயிற்றில் ஒரு சின்ன அடிகூட இல்லை. அதை நினைத்து நான் அந்தக் கைக்குக் கும்பிடு போட்டிருக்கிறேன், இப்போதும் போடுகிறேன்.

சில வளையல்கள் விழுந்தபோதே உடைந்துவிட்டன. மீதி அப்படியே இருந்தன. கை வீங்க ஆரம்பித்தது. பக்கத்துத் தெருவில் இருந்த கம்பவுண்டரிடம் போனோம். வயதானவர், பொறுமையானவர்.

"அம்மச்சி, ஈ வளை முழுசும் பொட்டிக்கணும். நீரு கூடிப் போயாச்சு. பின்னே எறணாகுளம் கொண்டு போங்க, எலும்பு நோக்கணும்" என்றார்.

அத்தை என் கையைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"அது மட்டும் பறயாதே மோனே. பிள்ளை பெறுற வரைக்கும் இந்த வளை கையில கெடக்கணும். என் பையன் வண்டியோட வழியில நிக்கான். இப்பப் போயி இவ கையில வளை உடைக்கவா? என் கையில உடைச்ச ஒச்சை இன்னும் என் காதுல உண்டு."

கம்பவுண்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கும் அவள் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. லாரிக்காரன் பெண்டாட்டிக்கு மனசு எப்போதும் ரோட்டில்தான் இருக்கும். கம்பவுண்டர் மாத்திரை கொடுத்து, துணியைச் சுற்றிக் கழுத்தில் தூக்குக் கட்டிவிட்டு, "நாளைக்கே போகணும் கேட்டோ" என்றார்.

நாளைக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் வந்துவிடட்டும், அவரே முடிவு செய்யட்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள். அதற்குள் வளையலை உடைக்காமல் கழற்ற என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் செய்தோம். தேங்காயெண்ணெய், சோப்பு, நூல் சுற்றுவது, கையை உயர்த்திப் பிடிப்பது. ஒன்றும் நகரவில்லை. விரல்கள் தடித்துக்கொண்டே போயின. வலி என்றால் அப்படி ஒரு வலி. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. பிறகு வலி மெல்லக் குறைந்தது. கட்டைவிரல் மரத்தது, பிறகு ஆள்காட்டி விரல், நடுவிரல்.

"வேதனை கொறஞ்சுதா மோளே? பகவதி காத்தா!" என்று அத்தை விளக்கேற்றினாள். எனக்குப் பிடிக்குமே என்று மரவள்ளிக் கப்பை வேகவைத்துக் கொண்டுவந்து ஊட்டினாள். இரண்டு பேரும் சிரித்தோம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுதான். அடிபட்ட கை வீங்கியிருக்கும்போது வலி தானாகக் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். சாகிற நரம்பு கூச்சல் போடாது.

முத்தையா வந்து இறங்கியவர் என் விரல்களைப் பார்த்தார். நாவல்பழ நிறத்தில் இருந்தன. வண்டிக்குத் திரும்பிப் போய்க் கட்டிங் பிளேயரை எடுத்துவந்தார். அத்தை ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம்டா மக்கா..."

"யாருக்கு ஆகாதுன்னு சொல்லுத? எனக்குத்தான? நான் இங்கனதான நிக்கேன், குத்துக்கல்லு மாதிரி! விடும்மா!"

ஒவ்வொன்றாக நெரித்து உடைத்தார். அத்தை உள்ளே போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வளையல் இருந்த இடமெல்லாம் பள்ளம் பள்ளமாகக் கோடு விழுந்திருந்தது. அவர் என்னை அணைத்துப் பிடித்துக்கொண்டு படகுத் துறைக்கு நடந்தார், அத்தையும் பின்னாலேயே வந்தாள், அடுத்த போட்டில் எறணாகுளம் போனோம்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் முன் வயிற்றின்மேல் ஈயம் வைத்துத் தைத்த ஒரு கனத்த அங்கியைப் போர்த்தினார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமலிருக்க என்றார்கள். படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பெரிய டாக்டர் விளக்கினார். நல்ல மனிதர், சுமாராகத் தமிழ் பேசுவார். மணிக்கட்டு என்பது ஒற்றை எலும்பு இல்லையாம். கூழாங்கல் மாதிரி எட்டுச் சின்ன எலும்புகள், இரண்டு வரிசையாக நார்களால் கட்டப்பட்டிருக்கின்றன. உள் வரிசையின் நடுவில் இருப்பது பிறை வடிவ எலும்பு. நான் விழுந்த வேகத்தில் நார்கள் அறுந்து, அந்தப் பிறை புரண்டு உள்ளங்கைப் பக்கமாக வெளியே வந்துவிட்டது. அங்கேதான் கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு ஓடுகிறது. எலும்பு அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வெளியே இருந்து வளையலும் இறுக்கியிருக்கிறது.

"முதல் நாளே வளையை எடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், அத்தையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

வயிற்றில் பிள்ளை இருப்பதால் முழு மயக்கம் கொடுக்கவில்லை. அக்குளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கடித்தார்கள். நடுவில் ஒரு துணியைத் திரையாகக் கட்டினார்கள். அந்தப் பக்கம் என் கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை நடக்கிறது, இந்தப் பக்கம் நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். எலும்பைத் திருப்பி உள்ளே வைத்து, நகராமலிருக்க மெல்லிய கம்பிகளைக் குறுக்கே துளைத்துச் செருகினார்கள். துளைக்கும் சத்தம் பல்லுக்குள் கேட்டது. எனக்குக் கையைப் பற்றிக் கவலை இல்லை. "பிள்ளை? பிள்ளை?" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன் போல. ஒரு நர்ஸம்மா குனிந்து வயிற்றில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "குதிரை மாதிரி ஓடுதும்மா, பேடிக்கண்டா, பயமே வேண்டாம்" என்றாள். அவள் முகம் எனக்கு மறந்துவிட்டது. குரல் மறக்கவில்லை.

வார்டு நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மருந்து நெடி, காலை ரவுண்ட்ஸ், பிறகு நாள் முழுக்கக் காத்திருப்பு. துணைக்கு இருப்பவரை அங்கே பைஸ்டாண்டர் என்பார்கள். பெண்கள் வார்டில் பெண்தான் இருக்க வேண்டும் என்று விதி. அத்தை என் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துக்கொண்டாள். பகலில் போட் ஏறி வீட்டுக்குப் போய்க் கஞ்சியும் பயறும் செய்து தூக்குச்சட்டியில் கொண்டுவருவாள். பார்வை நேரத்தில் முத்தையா வருவார். எனக்குத் தலைவார முடியாது என்று ஒருநாள் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். லாரியில் தார்ப்பாய்க்குக் கயிறு கட்டும் ஆள் பின்னிய பின்னல் எப்படி இருக்கும்? வார்டே சிரித்தது. அவரும் வெட்கப்பட்டுக்கொண்டே முடிச்சுப் போட்டு முடித்தார். வெளியே வாங்கச் சொல்லி எழுதிக்கொடுத்த மருந்துகளுக்காக ஓய்வில்லாமல் அடுத்தடுத்து லோடு எடுத்தார். கண் இரண்டும் சிவந்து கிடக்கும். கேட்டால் "தூசி" என்பார்.

மாவுக்கட்டோடுதான் எனக்குப் பிரசவம் ஆனது. பெண் குழந்தை, குறை ஒன்றும் இல்லை. சங்கரி என்று பெயர் வைத்தோம். நர்ஸ் குழந்தையை என் இடது பக்கம் கிடத்தினாள். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது கை விரல் நுனிகளை அவள் கன்னத்தில் வைத்தேன். எனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறாள், அவள் கன்னத்தில் என் விரல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. அவளைக் காப்பாற்றிய கையால் அவளைத் தொட முடியவில்லை. அன்றைக்கு அழுத அழுகையைப் பிரசவ வலி என்று நினைத்து ஆயா அதட்டினாள்.

நரம்பு திரும்ப வளரும், ஆனால் மெதுவாக, ரொம்ப மெதுவாக என்று டாக்டர் சொன்னார். கம்பிகளை உருவிய பிறகு அடிக்கடி வரச் சொல்வார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் விரல் நுனியைத் தொடுவார். தொட்டதும் நான் "ஆ" என்று சொல்ல வேண்டும். ஒருநாள் எப்படியாவது பாஸாகிவிட வேண்டும் என்று குத்துமதிப்பாக "ஆ" "ஆ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது பஞ்சு மேஜைமேல் இருந்தது. அவர் இன்னும் தொடவே ஆரம்பிக்கவில்லை. அவர் திட்டவில்லை. "கொஞ்சங்கூடிப் பார்க்கலாம், கோமதி" என்றார். விரல்களுக்குப் பலம் ஓரளவு வந்தது. பிடிக்க முடிந்தது, குவிக்க முடிந்தது. உணர்ச்சி மட்டும் வரவேயில்லை.

சங்கரிக்குச் சோறு கொடுக்கும் பருவம் வந்தது. குழைந்த சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்தேன். என் மடியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். சோறு எவ்வளவு சூடு என்று என் விரல்கள் சொல்லவில்லை. கீழுதடு வெந்துவிட்டது. குழந்தை வீறிட்டது இன்னும் கேட்கிறது. பெரிய காயமில்லை, சீக்கிரம் ஆறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு என் கை கிட்டே வந்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அத்தை கையை நீட்டினால் ஆவென்று திறப்பாள். இடது கையால் ஒரு பிள்ளைக்குச் சோறூட்ட எங்களுக்கு மனசு வருமா? ஸ்பூனால் கொடுத்துப் பார்த்தேன். அது மருந்து கொடுப்பதுபோல் இருந்தது, அவளும் மருந்து என்றே நினைத்துத் துப்பினாள்.

ஊட்டுவது அத்தையின் வேலையாயிற்று. குளிப்பாட்டுவது, பின்னல் போடுவது, ஆட்டுக்கல், தண்ணீர்க்குடம் எல்லாமே அவள்தான். வளையலைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. விடியுமுன்பே எழுந்து அந்த வயதில் அவள் குழாயடிக்குக் குடத்தோடு போவதைப் பார்க்கும்போது அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாது. எனக்கு ஊட்டிய அந்த நாளுக்குப் பிறகு வாழ்நாளில் அவள் கப்பை தின்னவில்லை. நான் கேட்டபோது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

நான் மனசுக்குள் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை வளர்ந்துபோவதற்குள் ஒரு தடவையாவது என் கையால் அவளுக்குச் சோறூட்ட வேண்டும். வேறு யாருக்கும் இது பெரிய விஷயமில்லை. எனக்கு அதுதான் எல்லாம்.

ஆனால் கை கீழ்நோக்கிப் போனது. பெஞ்சில் இருப்பவர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். ஆபரேஷன் எலும்பை அதன் இடத்தில் கொண்டுபோய் வைக்கும். அறுந்த நார் பழைய நார் ஆகாது. புரண்டு வந்த எலும்புக்கு ரத்தம் போகிற வழி அடைபட்டிருந்தால், அது உள்ளேயே பட்டுப்போய் நாளடைவில் நொறுங்கும். எலும்புக்கும் எலும்புக்கும் இடையில் வழவழப்பாக ஒரு பூச்சு உண்டு. அது தேய்ந்தால் திரும்ப வராது. முதல் சில வருஷம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பிறகு மழைக்காலத்தில் வலி, பிறகு எல்லாக் காலத்திலும் வலி. மணிக்கட்டு பின்பக்கமாக விறைத்துக்கொண்டு, கையை வாய்க்குக் கொண்டுபோகவே முடியாமல் ஆயிற்று. நானே இடது கையில் ஸ்பூன் பிடித்துத் தின்றேன். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருவதை நிறுத்திவிட்டேன்.

சங்கரி நாலாம் கிளாஸ் படிக்கும்போது மறுபடி அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர் இளைஞர். புதுப் படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"இனி ஒரே வழிதான் உள்ளது. இடுப்பெலும்பில் கொஞ்சம் சுரண்டி எடுத்து, மணிக்கட்டில் வச்சு, எல்லா எலும்பையும் ஒண்ணா ஒட்டிரலாம். வலி போகும். ஆனா மடக்கமும் போகும். கை ஒரு பலகை மாதிரி ஆகும். எல்லாக் காலத்துக்கும்."

"சரி டாக்டர்."

"சரின்னு சொல்லாதீங்க, கேளுங்க. எந்தச் சாய்வில் ஒட்டணும்னு நீங்கதான் தீருமானிக்கணும். கொஞ்சம் பின்னால சாய்ச்சு வச்சா பிடி பலமா இருக்கும். குடம் தூக்கலாம், துணி பிழியலாம். முன்னால சாய்ச்சா பலம் குறையும். ஒருதரம் ஒட்டியாச்சுன்னா பின்னே மாத்த முடியாது."

அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். வெட்டுவதற்கு முன்னால் வெறும் மாவுக்கட்டை ஒவ்வொரு சாய்விலும் போட்டு, வீட்டில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். முதலில் பின்சாய்வு. பிடி உண்மையிலேயே பலமாக இருந்தது. வாளி தூக்கினேன், கதவுத் தாழ்ப்பாளை இழுத்தேன். ஆனால் ஒரு பருக்கையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனால் விரல் மூக்குக்கு மேலே போய் நின்றது. எதிரே தலையணையை வைத்து, அதற்கு ஊட்டுவதுபோல் கையை நீட்டிப் பார்த்தேன். முடியவில்லை. அடுத்த கட்டு, வலிக்கு ஊசி போட்டு முன்பக்கம் லேசாகக் குனியவைத்த சாய்வு. விரல்கள் நேராக வாய்க்கு வந்தன. தலையணைக்கும் சரியாகப் போயின.

"இதுதான்" என்றேன்.

முத்தையாவுக்குப் புரியவில்லை. "ஏட்டி, பலம் வேண்டாமா? நாளைக்கு அம்மைக்கும் முடியாமப் போச்சுன்னா கொடத்த யாரு தூக்குவா? திங்கதுக்கு ஸ்பூன் இருக்குல்லா!"

காரணத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவ கை. அவ பறயட்டும். கொடம் தூக்க நான் இருக்கேன்" என்றாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

டாக்டர் கேட்டபோது "கையால் சாப்பிட வேண்டும்" என்றேன். அது பொய்யும் இல்லை. அவர் எழுதிக்கொண்டார்.

இரண்டாவது ஆபரேஷனில் கையைவிட இடுப்புதான் வலித்தது. எலும்பு எடுத்த இடத்தில் தும்மினால்கூட உயிர் போகும். மாவுக்கட்டோடு மாதக்கணக்காக இருந்தேன். அந்த நாட்களில் சங்கரியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டே போனது. மெதுவாக வளர்டி என்று சொல்லத் தோன்றும். பிள்ளையைப் பார்த்து எந்தத் தாயாவது அப்படி நினைப்பாளா? நான் நினைத்தேன்.

கட்டுப் பிரித்த அன்று டாக்டருக்கு ஒரே சந்தோஷம். படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையாக நிற்கவைத்து என் கையைக் காட்டினார். நன்றாக ஒட்டியிருக்கிறது, வலி இல்லை, சாய்வை இந்த அம்மாவே தேர்ந்தெடுத்தார் என்றார். விரலை வாய்க்குக் கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது போட்டில் கம்பியருகே நின்று காற்று வாங்கிக்கொண்டு வந்தேன். அவ்வளவு வருஷத்தில் அப்படி ஒரு நாள் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நானே சோறு வடித்தேன், பருப்பு வேகவைத்தேன், நெய் உருக்கினேன். இடது கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்து நன்றாக ஆறவைத்துப் பிசைந்தேன். சங்கரி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை எறிந்துவிட்டு, பசிக்குது என்று தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். ஒரு உருண்டை பிடித்து, கையை நீட்டினேன். நேராக அவள் வாய்க்கு முன்னால் போய் நின்றது, ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

அவள் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள்.

"அய்யே! நான் என்ன கொச்சுப் பிள்ளையாம்மா? இங்க தா."

என் விரல்களிலிருந்து உருண்டையை எடுத்துத் தன் கையாலேயே வாயில் போட்டுக்கொண்டாள். "நல்லாருக்கும்மா" என்றாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் யாரோ யாரையோ தள்ளிவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். அவள் மேல் ஒரு தப்பும் கிடையாது. பத்து வயதாகப் போகிற பிள்ளை அப்படித்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். அடுக்களை நிலையில் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். என் முகம் மாறியதைப் பிள்ளை பார்த்துவிடக் கூடாது என்று அவள் சொன்ன கதைக்குச் சிரித்தேன்.

சாப்பிட்டு முடித்து அவள் கை கழுவக் கொல்லைக்கு ஓடினாள். அப்போதுதான் கவனித்தேன். என் கை இன்னும் அவள் வாய் இருந்த உயரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. உருண்டையை எடுத்துக்கொண்டது விரல்களுக்குத் தெரியவில்லை. அவை குவிந்தபடியே இருந்தன.